இயங்குநிலை எண்கள்: யூனிக்ஸ் கணினிகள் தொடங்கும் முறைகளின் வரலாறு

கணினியில் மின்சாரம் பாய்ந்த கணத்துக்கும், அது பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் கணத்துக்கும் இடையில் என்னென்ன நிகழ வேண்டும், அவற்றை யார் முடிவு செய்ய வேண்டும் என்னும் வினாவுக்கு யூனிக்ஸ் இயங்குதளமும் அதன் வழித்தோன்றல்களும் அரை நூற்றாண்டுக் காலத்தில் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது, கணினியின் நிலையைப் பூச்சியம் முதல் ஆறு வரையிலான எண்களால் குறித்த 'ரன்லெவல்' முறை. தமிழில் அதனை இயங்குநிலை எனலாம். எண்கள் வரிசையாக நின்றமையால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும் படிகள் என்றே கற்போர் பலரும் கருதினர். உண்மையில் அந்த எண்களின் பொருள் எந்தக் காலத்திலும் எல்லா யூனிக்ஸ்களுக்கும் பொதுவாக நிலைபெற்றதில்லை என்பதையும், எண்களுக்கு முன்பே தோன்றி அவை மங்கிய பின்னும் எஞ்சி நிற்பது 'ஒற்றைப் பயனர் நிலை' ஒன்றே என்பதையும் அம்முறையின் வரலாறு தெளிவாக்குகிறது.

நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இயங்கிய பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் 1969-இல் பிடிபி-7 என்னும் சிறு கணினியில் தொடங்கிய பணி, விரைவில் பிடிபி-11 கணினிக்கு மாறி, 1971 நவம்பர் 3 எனத் தேதியிட்ட முதல் பதிப்புக் கையேட்டில் பதிவு பெற்றது. 'இனிட்' என்னும் நிரலின் விவரம் அக்கையேட்டிலேயே உண்டு. கர்னல் எனப்படும் மையநிரல் நினைவகத்தில் ஏறி, தனக்கு வேண்டிய அட்டவணைகளை அமைத்துக்கொண்ட பின், இறுதிச் செயலாகத் தொடங்கிவைப்பது இந்த இனிட் நிரலையே. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைச் 'செயல்முறை' என்பர். ஒவ்வொரு செயல்முறைக்கும் கர்னல் ஓர் எண் வழங்கும். இனிட்டுக்குரிய எண் 1. பிற்பாடு எழும் பயனர் செயல்முறைகள் அனைத்தும் அதன் வழிவந்தவை. பெற்ற செயல்முறையை இழந்து தனித்து நிற்பவையும் அதனிடமே ஒப்படைக்கப்படுகின்றன. ஆகவே கணினி எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்ற தீர்மானம் இனிட்டின் பொறுப்பாக அமைந்ததில் வியப்பில்லை. அந்தத் தீர்மானத்தை இனிட் யாரிடமிருந்து பெற்றது என்பதே காலந்தோறும் மாறியது.

தொடக்கக் காலத்தில் அது நேரே மனிதக் கையிடமிருந்து வந்தது. 1975-இல் வெளியான ஆறாம் பதிப்பின் கையேடு கூறுவதன்படி, இனிட் எழுந்தவுடன் முதலில் பார்த்தது பிடிபி-11 கணினியின் முகப்புப் பலகையில் வரிசையாக இருந்த விசைகளை. ஒவ்வொரு விசையும் ஓர் இரும இலக்கத்தைக் குறித்தது. அவை யாவும் சேர்ந்து, எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 173030 என்னும் எண்ணைக் காட்டினால், இனிட் வேறெதையும் செய்யாமல் ஆப்பரேட்டரின் தட்டச்சு முனையத்தைத் திறந்து, அங்கே 'ஷெல்' எனப்படும் கட்டளை வாங்கும் நிரலை உடனே ஓட்டியது. பதினாறு இரும இலக்கங்களாக எழுதினால் அந்த எண்ணில் எட்டு ஒன்றுகளும் எட்டுச் சுழியங்களும் இருக்கும். எட்டு விசைகள் ஒரு நிலையிலும் எட்டு விசைகள் எதிர்நிலையிலும் நிற்கும் அந்த அமைப்பே ஒற்றைப் பயனர் நிலைக்கான ஆணை. இந்த எண் இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்றும் கையேடு அடைப்புக்குறிக்குள் எச்சரித்திருந்தது. பொதுவான மரபு ஒன்று வேரூன்றாத தன்மை அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

விசைகள் வேறு எண்ணைக் காட்டினால் இனிட், 'ஆர்சி' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருந்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களில் இயங்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பில் கட்டளைகளைத் தொகுத்து ஓட்டப் பயன்பட்ட 'ரன்காம்' என்னும் வசதியின் பெயரே இவ்வாறு சுருங்கி வந்தது. தற்காலிகக் கோப்புகளை நீக்குதல், கோப்பு முறைமைகளை இணைத்தல், நினைவகத்தில் தேங்கியிருக்கும் தரவை முப்பது நொடிகளுக்கு ஒருமுறை வட்டுக்கு எழுதும் நிரலைப் போன்ற பின்னணிச் சேவைகளைத் தொடங்குதல் ஆகியவை ஆர்சியின் பணிகள். அது முடிந்தபின் இனிட் மற்றொரு கோப்பைப் படித்து, அதில் குறிக்கப்பட்ட ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு செயல்முறையை உருவாக்கி, பயனர்களுக்காகக் காத்திருந்தது. இதுவே பல பயனர் நிலை.

ஒற்றைப் பயனர் நிலை ஏன் வேண்டியிருந்தது என்பதை அக்காலக் கோப்பு முறைமையின் பலவீனம் விளக்குகிறது. ஒரு கோப்பின் தரவு வட்டின் எந்தக் கட்டங்களில் உள்ளது என்ற குறிப்பும், எந்தக் கட்டங்கள் காலியாக உள்ளன என்ற பட்டியலும் வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டமையால், கணினி திடீரெனச் செயலிழந்தால் இரண்டும் முரண்பட்டு நிற்கும். ஒரே கட்டத்தை இரு கோப்புகள் உரிமை கொண்டாடுவதும் உண்டு. அந்நிலையில் பயனர்களை உள்ளே விட்டால் சேதம் பெருகும் என்பதால், ஆப்பரேட்டர் தனியே அமர்ந்து 'ஐசெக்', 'டிசெக்' ஆகிய நிரல்களால் முரண்பாடுகளைக் கண்டறிந்து, தம் அறிவைக் கொண்டு திருத்திவிட்டுப் பின்னரே வாயிலைத் திறக்க வேண்டியிருந்தது. அதாவது ஒற்றைப் பயனர் நிலை என்பது குறைந்த வசதிகள் கொண்ட ஒரு கீழ்ப்படி அன்று. வட்டின் மீது வேறு எவரும் எழுதவில்லை என்ற உறுதியைத் தரும் பழுதுபார்ப்புக் களம். இந்த வேறுபாட்டைப் பின்னாளைய எண்முறை மறைத்துவிட்டது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு விசைகளைச் சார்ந்திருப்பதை விட்டொழித்தது. அதில் கணினி எப்போதும் ஒற்றைப் பயனர் நிலையிலேயே தொடங்கியது. ஆப்பரேட்டர் பணியை முடித்து, கோப்பின் முடிவைக் குறிக்கும் கண்ட்ரோல்-டி விசையை அழுத்தி ஷெல்லை விட்டு வெளியேறினால், இனிட் பல பயனர் நிலைக்குச் சென்றது. மனிதர் ஒருவர் அருகில் இருப்பார் என்பது இங்கு ஐயத்துக்கு இடமில்லாத எடுகோள். அந்த எடுகோளை உடைத்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கு பில் ஜாய் முன்னின்று உருவாக்கிய 4பிஎஸ்டி பதிப்பில் 1980-இல் தானியங்கு மறுதொடக்கம் இடம்பெற்றது. ஐசெக், டிசெக் ஆகியவற்றின் இடத்தைப் பிடித்த, டெட் கோவால்ஸ்கி எழுதிய 'எஃப்எஸ்செக்' என்னும் நிரல், ஆபத்தற்ற முரண்பாடுகளைத் தானே திருத்திக்கொண்டு, தன்னால் முடிவெடுக்க இயலாத சேதத்தைக் கண்டால் மட்டும் கணினியை ஒற்றைப் பயனர் நிலையில் நிறுத்தியது. நள்ளிரவில் செயலிழந்த கணினி காலையில் ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமற் போயிற்று. பெர்க்லி வழியினர் இதற்குமேல் நிலைகளைப் பெருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது: ஒற்றைப் பயனர், பல பயனர் என்னும் இரண்டே நிலைகள், ஒரே ஆர்சி கோப்பு, ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சேர்க்கைகளை எழுதிக்கொள்ள 'ஆர்சி.லோக்கல்' என்னும் துணைக்கோப்பு. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி ஆகியவற்றில் இன்றுவரை இயங்குநிலை எண்கள் இல்லை.

எண்கள் வந்தது ஏடி&டி நிறுவனத்தின் வணிகக் கிளையிலிருந்து. 1982-இல் வெளியான சிஸ்டம் த்ரீ பதிப்பில் 'இனிட்டேப்' என்னும் அட்டவணைக் கோப்பு இருந்தது. 1983 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் ஃபைவ் பதிப்பு அதற்கு நெடுங்காலம் நின்ற வடிவத்தைத் தந்தது. அக்கோப்பின் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகளைக் கொண்டது: வரியின் அடையாளம், அது பொருந்தும் இயங்குநிலைகள், செய்யும் விதம், ஓட்ட வேண்டிய கட்டளை. செய்யும் விதங்களுள் 'ரெஸ்பான்' என்பது செயல்முறை முடிந்தால் மீண்டும் எழுப்புக என்றும், 'வெய்ட்' என்பது முடியும்வரை காத்திரு என்றும், 'பவர்ஃபெயில்' என்பது மின்தடை எச்சரிக்கை வந்தால் மட்டும் ஓட்டுக என்றும் பொருள்படும். இரண்டே நிமிடங்களில் பத்து முறைக்கு மேல் ஒரு வரி மீண்டும் மீண்டும் எழுந்து விழுந்தால், அதில் ஏதோ பிழை உள்ளது என முடிவு செய்து ஐந்து நிமிடங்களுக்கு அதனை ஒதுக்கிவைக்கும் முன்னெச்சரிக்கையும் அதில் சேர்க்கப்பட்டது. சிறிய கருவிதான், எனினும் நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டது.

அவ்வட்டவணையின் தலைமையான வரி 'இனிட்டிஃபால்ட்'. தொடங்கும்போது கணினி எந்த இயங்குநிலையை அடைய வேண்டும் என்பதை அது கூறியது. அந்த வரி இல்லாவிடில் இனிட் முனையத்தில் ஆப்பரேட்டரிடம் எண்ணைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருந்தது. முகப்புப் பலகையின் விசைகளில் இருந்த அதிகாரம் ஒரு கோப்பின் ஒற்றை வரிக்கு இடம்பெயர்ந்ததையும், கோப்பு மௌனமாக இருந்தால் மட்டுமே மனிதரிடம் கேட்கும் ஒழுங்கு நிலைபெற்றதையும் இவ்விடத்தில் காணலாம். கோப்புக்கு வந்த அதிகாரத்தில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருந்தது: 0 என்பது கணினியை நிறுத்தும் நிலை, 6 என்பது மறுதொடக்கம் செய்யும் நிலை; அவ்விரண்டுள் ஒன்றை இயல்பு நிலையாக எழுதிவிட்டால், கணினி எழுந்தவுடன் அணைந்துவிடும், அல்லது ஓயாமல் மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டிருக்கும். பிற்கால ரெட் ஹேட் லினக்ஸின் இனிட்டேப் கோப்பில் இதைச் செய்யாதீர் என்ற எச்சரிக்கை குறிப்பாகவே அச்சிடப்பட்டிருந்தது. யாரேனும் செய்திராமல் அத்தகைய எச்சரிக்கைகள் தோன்றுவதில்லை.

1980-களின் நடுப்பகுதிக்குப் பின் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கோப்பகம் என்ற ஏற்பாடு பரவியது. சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் வல்ல ஸ்கிரிப்டுகள், அதாவது கட்டளைத் தொகுப்புகள், 'இனிட்.டி' என்னும் பொதுக் கோப்பகத்தில் இருக்கும். இரண்டாம் நிலைக்கு 'ஆர்சி2.டி', மூன்றாம் நிலைக்கு 'ஆர்சி3.டி' என அமைந்த கோப்பகங்களில் அவற்றுக்கான இணைப்புகள் மட்டும் இருக்கும். 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும் பெயருள்ள இணைப்பு அந்நிலையில் சேவையைத் தொடங்குக என்றும், 'கே' என்னும் எழுத்தில் தொடங்குவது நிறுத்துக என்றும் பொருள்பட்டது. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வரிசையைக் குறித்தன. எஸ்10 முந்தும், எஸ்80 பிந்தும். வலையமைப்பு எழுந்த பின்னரே அஞ்சல் சேவை எழ வேண்டும் என்பது போன்ற சார்புறவுகள் எங்கும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. எண்ணைத் தேர்ந்தெடுத்தவரின் மனத்திலேயே அவை தங்கிவிட்டன. புதிய சேவை ஒன்றை நிறுவுபவர், ஏற்கனவே உள்ள எண்களுக்கு இடையில் எங்கு அதை நுழைப்பது என ஊகிக்க வேண்டியிருந்தது. இணைப்புகளைக் கையால் உருவாக்கும் தொல்லையைக் குறைக்க, சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஐரிக்ஸ் அமைப்பில் இருந்த 'செக்கன்ஃபிக்' என்னும் கட்டளையின் பாணியில் ரெட் ஹேட் தன் சொந்தக் கட்டளையை எழுதிக்கொண்டது.

இனி எண்களின் பொருளுக்கு வரலாம். 0 நிறுத்தம், 1 அல்லது எஸ் ஒற்றைப் பயனர், 2 பல பயனர், 6 மறுதொடக்கம் என்பவற்றில் சிஸ்டம் ஃபைவ் வழியினரிடையே ஓரளவு ஒற்றுமை இருந்தது. எஞ்சியவற்றில் அவ்வளவு ஒற்றுமை இல்லை. மூன்றாம் நிலை, ஏடி&டியின் தொலைக்கோப்புப் பகிர்வு வசதியைத் தொடங்குவதற்கெனச் சிஸ்டம் ஃபைவின் மூன்றாம் வெளியீட்டில் பயன்பட்டது; சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் முறை அவ்வசதியை வென்றபின், கோப்புகளைப் பிறருக்கு வழங்கும் நிலை என அதன் பொருள் மாறியது. நான்காம் நிலை யாருக்கும் உரிமையற்றதாக விடப்பட்டது. ஐந்தாம் நிலை சன்னின் சொலாரிஸில் மின்சாரத்தையே துண்டிக்கும் நிலை. ரெட் ஹேட் லினக்ஸிலோ வரைகலைத் திரையுடன் பயனரை வரவேற்கும் நிலை. லினக்ஸில் பழகிய நிர்வாகி ஒருவர் சொலாரிஸ் சர்வர் ஒன்றில் வரைகலைத் திரையை எதிர்பார்த்து 'இனிட் 5' என்று தட்டினால், அந்தச் சர்வர் கீழ்ப்படிந்து அணைந்துவிடும்.

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சொலாரிஸில் மூன்றாம் நிலைக்குச் செல்லும் கணினி முதலில் இரண்டாம் நிலைக்குரிய ஸ்கிரிப்டுகளையும், அதன்பின் மூன்றாம் நிலைக்குரியவற்றையும் ஓட்டும். இனிட்டேப் கோப்பில் இரண்டாம் நிலையின் வரி 2, 3 ஆகிய இரண்டுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டதே அதற்குக் காரணம். அங்கு மூன்று என்பது இரண்டின்மேல் கட்டப்பட்டது. லினக்ஸிலோ மூன்றாம் நிலைக்குச் செல்லும் கணினி மூன்றாம் கோப்பகத்தை மட்டுமே பார்க்கும். இரண்டாம் நிலையில் தொடங்கப்படும் சேவை மூன்றிலும் வேண்டுமானால் அங்கும் ஓர் இணைப்பு இருந்தாக வேண்டும். ஒரே எண்கள், ஒரே எஸ், ஒரே கே. ஆயினும் ஓரிடத்தில் அவை படிகள், மற்றோரிடத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற அறைகள். இரு அமைப்புகளிலும் 0, 6 ஆகியவை இயங்கும் நிலைகளே அல்ல, வெளியேறும் வாயில்கள். நிலைகளை எண்களாக்கியவர்கள் ஒரு வரிசையைக் கற்பித்துக்கொண்டார்கள். அந்த வரிசைக்கு உள்ளடக்கம் ஏதும் இல்லை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் நிரூபித்துக்காட்டியது.

லினக்ஸுக்கு இந்த மரபைக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மிக்கேல் ஃபான் ஸ்மோரன்பர்க். 1990-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'சிஸ்விஇனிட்' என்னும் நிரல் ஏடி&டியின் நிரல்வரிகளைப் பயன்படுத்தாமல் அதன் நடத்தையை மட்டும் பின்பற்றியது. அந்த ஒரே நிரலைக் கொண்டு லினக்ஸ் பரவல்கள், அதாவது லினக்ஸைத் தொகுத்து வழங்கும் வெளியீடுகள், வெவ்வேறு உலகங்களைப் படைத்தன. ரெட் ஹேட் 3-ஐ எழுத்துத் திரைக்கும் 5-ஐ வரைகலைத் திரைக்கும் ஒதுக்கியது. டெபியனில் 2-தான் இயல்பு நிலையாக இருந்தது. 2 முதல் 5 வரை நான்கும் தொடக்கத்தில் ஒன்றே, வேறுபடுத்திக்கொள்வது நிர்வாகியின் உரிமை என அத்திட்டத்தினர் விட்டுவிட்டனர். 1993-இல் பிறந்த ஸ்லாக்வேர் இனிட்டேப் கோப்பை ஏற்றுக்கொண்டும், உள்ளே பெர்க்லி பாணியிலான சில பெரிய ஸ்கிரிப்டுகளையே ஓட்டியது. அதில் வரைகலைக்குரியது நான்காம் நிலை. ஜென்டூ எண்களையே பின்தள்ளி, 'பூட்', 'டிஃபால்ட்', 'நோநெட்வொர்க்' எனப் பெயர்களால் நிலைகளை அழைத்தது. 2001-இல் முதற்பதிப்பு கண்ட லினக்ஸ் பொதுத் தர விதிகள் ரெட் ஹேட்டின் பொருள்களுக்கு நெருக்கமான பட்டியலை முன்வைத்தன. டெபியன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பொருளற்ற எண்களை நேர்மையாகப் பொருளற்றவையாகவே வைத்திருந்த டெபியனின் போக்கை இந்த வரலாற்றில் மிகத் தெளிவான நிலைப்பாடு என மதிப்பிடத் தோன்றுகிறது.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும் எண்கள் நிர்வாகிகளுக்கு நடைமுறையில் உதவின என்பதை மறுக்க இயலாது. வரைகலைத் திரையின் அமைப்பில் பிழை நேர்ந்தால், ரெட் ஹேட்டின் ஐந்தாம் நிலையில் திரை நிரல் எழுவதும் விழுவதுமாகத் திரை மின்னிக்கொண்டேயிருக்கும்; மறுதொடக்கத்தின்போது லைலோ என்னும் ஏற்றுநிரல் காட்டும் வரியில் 'லினக்ஸ் 3' என எழுதினால் கணினி எழுத்துத் திரையுடன் அமைதியாக எழும், பிழையைத் திருத்தலாம். 'லினக்ஸ் சிங்கிள்' என எழுதினால் ஒற்றைப் பயனர் நிலை கிடைக்கும். அந்த இரண்டாம் வழியில் ஒரு பாதுகாப்புச் சிக்கல் இருந்தது. ஒற்றைப் பயனர் நிலை, ரூட் எனப்படும் முழு அதிகாரப் பயனரின் ஷெல்லை நேரடியாகக் கையில் தந்தமையால், விசைப்பலகையை நெருங்க முடிந்த எவரும் கடவுச்சொல் இல்லாமலே கணினியின் உரிமையாளர் ஆகலாம். கதவைப் பூட்டி வைத்த கணினி அறையின் காலத்தில் அது குறையாகக் கருதப்படவில்லை. கணினிகள் வகுப்பறைகளுக்கும் பொது ஆய்வகங்களுக்கும் வந்தபின் குறையாயிற்று. பிஎஸ்டி வழியில், முனையங்களின் பட்டியலில் ஆப்பரேட்டர் முனையத்தை 'பாதுகாப்பற்றது' எனக் குறித்துவிட்டால், ஒற்றைப் பயனர் நிலைக்கு முன்னும் ரூட்டின் கடவுச்சொல் கேட்கப்படும். லினக்ஸில் 'சுலாகின்' என்னும் நிரல் அதே வேலையைச் செய்தது. டெபியன் அதை இயல்பாகவே பயன்படுத்த, ரெட் ஹேட் நெடுங்காலம் கடவுச்சொல் கேட்காமலே விட்டது. இனிட்டுக்குப் பதிலாக ஷெல்லையே முதற்செயல்முறையாக ஓட்டுமாறு கர்னலுக்குக் கட்டளையிடும் வழியும் இருந்தமையால், ஏற்றுநிரலுக்கே கடவுச்சொல் இடாதவரை இப்பூட்டுகள் முழுமையானவை அல்ல.

உண்மையான படிவரிசை ஒன்றை உருவாக்கியது, எண்களை விரும்பாத பெர்க்லி வழியே என்பது இவ்வரலாற்றின் முரண்நகை. 1990-களின் தொடக்கத்தில் முடிவுற்ற 4.4பிஎஸ்டி பணியில் 'செக்யூர்லெவல்' என்னும் பாதுகாப்பு நிலை கர்னலில் சேர்க்கப்பட்டது. கணினி பல பயனர் நிலைக்குச் செல்லும்போது இனிட் அந்நிலையை உயர்த்தும். உயர்ந்தபின், மாற்றத் தகாதவை எனக் குறிக்கப்பட்ட கோப்புகளை ரூட்டாலும் மாற்ற முடியாது. அடுத்த நிலையில் வட்டின் மீது நேரடியாக எழுதுவதும் தடுக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் எந்தச் சாதாரணச் செயல்முறையும் அந்நிலையை உயர்த்தலாமேயன்றித் தாழ்த்த முடியாது. இளக்கம் வேண்டுமெனில் ஒற்றைப் பயனர் நிலைக்கு இறங்க வேண்டும், அல்லது மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒவ்வோர் எண்ணும் முந்தையதன் கட்டுப்பாடுகளை உள்ளடக்கி மேலும் ஒன்றைக் கூட்டுவதால், இங்கு எண் என்பது வெறும் பெயர் அன்று, அளவு.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, வரிசை எண்களால் சார்புறவைக் குறிக்கும் முறைக்கு மாற்றுகள் தோன்றத் தொடங்கின. 2000-இல் வெளியான நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பில் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தான் எதை வழங்குகிறது, எதை வேண்டுகிறது என்பதைத் தன் தலைப்பிலேயே எழுதிக்கொண்டது. 'ஆர்சிஆர்டர்' என்னும் சிறு நிரல் அவற்றைப் படித்து வரிசையைத் தானே கணக்கிட்டது. அதன் வடிவமைப்பை விளக்கி லூக் மியூபர்ன் எழுதிய கட்டுரை, பல நிலைகளின் தேவையை வெளிப்படையாக விவாதித்து மறுத்த ஆவணங்களுள் ஒன்று. ஃப்ரீபிஎஸ்டி தன் ஐந்தாம் பதிப்பில் அம்முறையைத் தழுவிக்கொண்டது. 2005-இல் மட்டும் இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன: ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் 'லாஞ்ச்டி'யை முதற்செயல்முறையாக்கி இனிட்டையே அகற்றியது. சன் நிறுவனம் சொலாரிஸ் 10-இல் சேவை மேலாண்மை முறையைக் கொண்டுவந்து, இயங்குநிலைகளை 'மைல்கற்கள்' எனப் பெயரிட்டுச் சேவைகளின் சார்புறவு வலையில் சில முடிச்சுகளாக மட்டும் மாற்றியது. லினக்ஸ் உலகில் 2006 அக்டோபரில் வெளியான உபுண்டு 6.10, ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய 'அப்ஸ்டார்ட்'டை ஏற்றது. யூஎஸ்பி கருவிகள் எப்போது வேண்டுமானாலும் செருகப்படும், வலை இணைப்பு வரும், போகும் என்னும் உலகில், 'தொடங்கி முடிந்த நிலை' என ஒன்று இல்லை என்பதே அதன் அடிப்படை வாதம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஏற்பச் சேவைகள் எழவும் அடங்கவும் வேண்டும் என அது வகுத்தது.

வேகமும் ஒரு காரணமாகச் சேர்ந்தது. ஸ்கிரிப்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் பழைய முறையில் மடிக்கணினி ஒன்று எழுவதற்குப் பல பத்து நொடிகள் ஆயின. 2008 செப்டம்பரில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்யன் வான் டி வென், ஆக்கே கோக் ஆகிய இருவரும் ஆசுஸ் ஈ பிசி என்னும் மலிவான சிறு கணினியை ஐந்தே நொடிகளில் எழுப்பிக்காட்டியபின், பொறுமையாகக் காத்திருப்பதை யாரும் இயல்பாக ஏற்கவில்லை. 2010 ஏப்ரல் இறுதியில் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய 'சிஸ்டம்டி' என்னும் புதிய இனிட்டை அறிவித்தார். 2011 மே மாதம் ஃபெடோரா 15 அதனை இயல்பாக்கியது. 2014-இல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, 2015 ஏப்ரலில் டெபியன் 8, உபுண்டு 15.04 எனப் பெரும் பரவல்கள் தொடர்ந்தன.

சிஸ்டம்டியில் நிலைகளுக்குப் பதிலாக 'டார்கெட்' எனப்படும் இலக்குகள் உள்ளன. இலக்கு என்பது, தன்னளவில் எதையும் ஓட்டாமல், எவையெவை எழுந்திருக்க வேண்டும் என்று சார்புறவுகளால் கூறும் ஒரு தொகுப்புப் பெயர். எழுத்துத் திரைக்கு 'மல்டி-யூசர்', வரைகலைக்கு 'கிராஃபிக்கல்', பழுதுபார்ப்புக்கு 'ரெஸ்க்யூ' எனப் பெயர்கள் அமைந்தன. வரைகலை இலக்கு பல பயனர் இலக்கை வேண்டுவதாக எழுதப்பட்டிருப்பதால், சொலாரிஸின் படியேற்றம் இங்கு வேறு வடிவில் திரும்பியது எனலாம். பழகிய விரல்களுக்காக எண்களுக்கும் மாற்றுப்பெயர்கள் தரப்பட்டன: 1 ரெஸ்க்யூவுக்கு, 5 கிராஃபிக்கலுக்கு, 2, 3, 4 ஆகிய மூன்றும் மல்டி-யூசர் ஒன்றுக்கே. மூன்று எண்களை ஒரே இலக்கில் கொட்டிய அந்தச் செயல், முப்பது ஆண்டுக் காலக் கருத்து வேறுபாட்டுக்கு எவ்வித விவாதமுமின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு. இயல்பு இலக்கை மாற்ற விரும்புபவர் 'சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட்' என்னும் கட்டளையால் இலக்கின் பெயரைத் தருகிறார். அது அமைவுக் கோப்புகளுக்கான எட்சி கோப்பகத்தின் உள்ளே ஓர் இணைப்பை மட்டும் மாற்றி எழுதுகிறது. ஓடும் கணினியை ஓர் இலக்குக்கு உடனே மாற்ற, அவ்விலக்குக்குத் தேவையற்றவற்றை நிறுத்தும் 'ஐசொலேட்' கட்டளை உண்டு. ரெஸ்க்யூவுக்கும் கீழே, கோப்பு முறைமைகளைக்கூட முழுமையாக இணைக்காமல் ஒரு ஷெல்லை மட்டும் தரும் 'எமர்ஜென்சி' இலக்கு உள்ளது. ஐசெக் நிரலோடு தனியே அமர்ந்த ஆப்பரேட்டரின் தேவைக்கு மிக அருகில் வருவது இதுவே.

இம்மாற்றம் அமைதியாக நிகழவில்லை. டெபியன் திட்டத்தின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் சம வாக்குகளாகப் பிளவுபட்டு, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டியைத் தேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் அதிருப்தியாளர்கள் பிரிந்து 'தேவுவான்' என்னும் தனிப் பரவலை அறிவித்தனர். முதற்செயல்முறை சிறியதாக, ஒரே பணியைச் செய்வதாக இருக்க வேண்டும் என்ற அவர்களின் வாதத்தில் வலு உண்டு. அந்த ஒன்று வீழ்ந்தால் கர்னலும் உடன் வீழும். எனினும் எண்முறைக்காக யாரும் வாதாடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சர்ச்சை முழுவதும் நிரலின் அளவையும், அதன் அதிகாரத்தையும், ஸ்கிரிப்டுகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் எளிமையையும் பற்றியே சுழன்றது.

மேகக் கணினிகளிலும் கொள்கலன்களிலும், கணினி எப்படித் தொடங்க வேண்டும் என்னும் வினா வேறு உருவம் பெற்றிருக்கிறது. கொள்கலன் என்பது, ஒரு கர்னலைப் பகிர்ந்துகொண்டே தனிக் கணினி போல நடந்துகொள்ளும் செயல்முறைக் கூட்டம். அதனுள் எண் 1 பெறுவது பெரும்பாலும் இனிட் அன்று, வலைச் சேவையோ தரவுத்தளமோ ஆகிய பயன்பாட்டு நிரலே. அங்கு ஒற்றைப் பயனர் நிலையும் இல்லை, பழுதுபார்க்கும் வழக்கமும் இல்லை. பழுதான கொள்கலனை அழித்துவிட்டுப் புதியதை எழுப்புகிறார்கள். ஆயினும் முடிந்துபோன வழித்தோன்றல் செயல்முறைகளின் பதிவை அகற்றும் பணியை அந்தப் பயன்பாட்டு நிரல் அறியாததால், அப்பதிவுகள் குவியும் தொல்லை எழுந்தது. அதற்காக 'டைனி' போன்ற மிகச் சிறிய இனிட்டுகள் எழுதப்பட்டன. 2017 ஜனவரியில் வெளியான டாக்கர் 1.13 பதிப்பு அதனைத் தன்னுடனேயே சேர்த்து வழங்கியது. டைனி ஒரே ஒரு நிரலை ஓட்டுகிறது, வரும் சைகைகளை அதற்கு அனுப்புகிறது, முடிந்தவற்றின் பதிவை நீக்குகிறது. இயங்குநிலை என எதுவும் அதற்குத் தெரியாது.